செயற்கை வால்வு சிமுலேஷன் முரண்டு பிடிக்கும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

செயற்கை இதய வால்வு வழியாக ரத்தம் பாய்வதைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒரு காலைப்பொழுது கட்டாயம் வாய்க்கும். இரவு ஓடவிட்டு வந்த கேஸ் (ஒரு முழு சிமுலேஷன் ஓட்டம்) 0.31ஆவது விநாடியில் நின்றுபோயிருக்கும். லாக் ஃபைலின் கடைசி வரிகளில் அழுத்தம் பத்து இலக்கத்தில் இருக்கும். இன்னொரு வகைக் காலையும் உண்டு. கேஸ் சத்தமில்லாமல் ஓடி முடிந்திருக்கும், படங்கள் அழகாக இருக்கும், ஆனால் எண்கள் எந்த இதயத்திலும் நடக்க முடியாதவையாக இருக்கும். எனக்கு முதல் வகையைவிட இரண்டாவதுதான் பயம்.

உடைந்த கேஸைப் பார்த்ததும் கை தானாக டைம் ஸ்டெப்பை, அதாவது கணக்கு ஒரு தடவைக்கு நகரும் நேரத் துண்டை, குறைக்கப் போகும். கொஞ்சம் பொறுங்கள். வால்வு விஷயத்தில் அது சில சமயம் நிலைமையை மோசமாக்கும். அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. தொல்லை ஆரம்பித்த நேரம் இதயத் துடிப்பின் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று பாருங்கள். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு சுற்றுக்கு 0.857 விநாடி. அதில் ஏறக்குறைய முதல் 0.3 விநாடி இதயம் சுருங்கும் கட்டம், மிச்சம் தளரும் கட்டம். வால்வு திறக்கும் முதல் சில பத்து மில்லிவிநாடியில் உடைந்தால் சந்தேகம் வால்வின் இதழ் கணக்கையும் ரத்தக் கணக்கையும் இணைக்கும் கப்ளிங் மீது. பாய்ச்சல் தணியும்போது உடைந்தால் வெளிவாய் மீது, அதாவது ரத்தம் மாதிரியை விட்டு வெளியேறும் எல்லை மீது. மூடும் நொடியில் என்றால் மெஷ் (இடத்தைச் சிறு செல்களாகப் பிரிக்கும் வலை) அல்லது ரத்தம் நுழையும் உள்வாயின் நிபந்தனை. மூடியபின் எண்கள் கெட்டால் இதழ் விளிம்பில் விட்ட இடைவெளி. கீழே உள்ள அறிகுறிகளையும் துடிப்பின் வரிசையிலேயே வைத்திருக்கிறேன்.

கையில் சில எண்கள் இருக்கட்டும். ரத்தத்தின் அடர்த்தி கனமீட்டருக்கு 1055 கிலோ, பாகுநிலை 0.0035 பாஸ்கல் விநாடி. வால்வின் விட்டம் 25 மி.மீ., நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தம், உச்சத்தில் நிமிடத்துக்கு 25 லிட்டர் வேகம் என்று வைத்தால் ரெனால்ட்ஸ் எண் (நிலைம விசைக்கும் பாகு விசைக்கும் உள்ள விகிதம்) சுமார் 6400, வோமர்ஸ்லி எண் (துடிப்பின் தாக்கத்தைப் பாகுநிலையோடு ஒப்பிடுவது) 18, 19 அளவில் வரும். உங்கள் கேஸில் இவை பத்து மடங்கு தள்ளி வந்தால் மேலே படிக்க வேண்டாம். அலகில் தவறு இருக்கிறது, அதைத் தேடுங்கள்.

பெருந்தமனி இடத்தில் வைக்கும் இரட்டை இதழ் இயந்திரவகை வால்வை மனதில் வைத்தே பெரும்பாலும் எழுதுகிறேன். 1977இல் செயின்ட் ஜூட் வால்வு வந்ததிலிருந்து அதிகம் ஆராயப்பட்ட வடிவம் அதுதான். பைரோலிட்டிக் கார்பனில் செய்த இரண்டு அரைவட்ட இதழ்கள், ஒவ்வொன்றும் இரண்டு கீல்களில் சுழலும். திசு வால்வுக்குத் தனியாகக் கடைசிப் பக்கம் வருகிறேன்.

அழுத்தம் ஏறுகிறது, இதழ் திறக்கவே மாட்டேன் என்கிறது

இதில் நான் இரண்டு வாரம் தொலைத்திருக்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன். கீழறை அழுத்தம் பெருந்தமனி அழுத்தத்தைத் தாண்டிவிட்டது. இதழ் மட்டும் ஒரு டிகிரிகூட நகரவில்லை. கீல் அச்சைச் சோதித்தேன், சரி. மெஷ்ஷைச் சோதித்தேன், சரி. கடைசியில் ஒரு தாளை எடுத்துக் கையால் கணக்குப் போட்டேன்.

இதழின் இருபுறமும் 5 மி.மீ. பாதரச அழுத்த வேறுபாடு, அதாவது 667 பாஸ்கல். இதழின் பரப்பு 1.9×10⁻⁴ சதுர மீட்டர். அழுத்த மையம் கீலிலிருந்து 2 மி.மீ. தள்ளி. மூன்றையும் பெருக்கினால் முறுக்குவிசை 2.5×10⁻⁴ நியூட்டன் மீட்டர். லாக்கில் இருந்ததோ 2.4×10⁻⁷. சரியாக ஆயிரம் மடங்கு குறைவு. ரத்தத்தின் அடர்த்தி எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்பதை அந்த ஆயிரமே சொல்லிவிட்டது.

ஓப்பன்ஃபோம் என்ற இலவசப் பாய்ம மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். அதன் அமுக்கமில்லாப் பாய்ம சால்வர்களில் (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்கள்) அழுத்தம் என்ற பெயரில் வருவது அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்த அளவு. இதழின் மீதுள்ள விசையைக் கணக்கிடும்போது அடர்த்தியைத் தனியாகக் கொடுக்க வேண்டும். இதழின் இயக்கத்தை விவரிக்கும் அமைப்புக் கோப்பில், அடர்த்திக்கான ரோஇன்ஃப் என்ற இடத்தில் 1 என்று விட்டுவைத்திருந்தேன். 1055 என்று மாற்றியதும் சில பத்து மில்லிவிநாடியில் இதழ் திறந்துகொண்டது. இதே தவறு எதிர்ப்பக்கமாகவும் நடக்கும். 100 மி.மீ. பாதரசத்தை 13,332 என்று பாஸ்கலில் அப்படியே எல்லை நிபந்தனையில் போட்டால் அழுத்தம் ஆயிரம் மடங்காகிவிடும். அங்கே வர வேண்டியது 12.6தான்.

முறுக்குவிசை கைக்கணக்கோடு ஒத்துப்போகிறது, இருந்தும் இதழ் அசையவில்லை என்றால் நிலைமத் திருப்புத்திறனைப் பாருங்கள். வரைபட மென்பொருள் அதைக் கிராம் சதுர மி.மீ. அலகில் தரும். இந்த அளவு இதழுக்கு அது ஒற்றை இலக்கத்தில் சில கிராம் சதுர மி.மீ.தான். கிலோ சதுர மீட்டருக்கு மாற்ற 10⁻⁹ஆல் பெருக்க வேண்டும். 10⁻⁶ஆல் பெருக்கிவிட்டு இதழ் ஏன் சோம்பலாக நகர்கிறது என்று யோசிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் கீல் அச்சின் திசைக்குறி. இரண்டு இதழ்களில் ஒன்று மட்டும் திறந்து மற்றது இன்னும் இறுக மூடிக்கொண்டால் அந்தக் குறியைத் திருப்பிப் போடுங்கள்.

இதழ் நடுங்குகிறது, முறுக்குவிசை மேலும் கீழும் தாவி வெடிக்கிறது

வால்வு சிமுலேஷனின் மையச் சிக்கல் இதுதான். இது புரிந்துவிட்டால் மற்றவை எளிது.

விமானச் சிறகைக் காற்றில் ஆட்டுபவருக்கு இந்தத் தொல்லை கிடையாது, ஏனென்றால் காற்று லேசு. நம் இதழோ தன்னோடு ஒப்பிடத்தக்க கனமுள்ள திரவத்துக்குள் நிற்கிறது. இதழ் நகர வேண்டுமானால் தன்னைச் சுற்றியுள்ள ரத்தத்தையும் தள்ளிக்கொண்டு நகர வேண்டும். அந்த ரத்தத்தின் நிலைமம் இதழின் சொந்த நிலைமத்துக்குச் சமமாகவோ அதைவிடச் சில மடங்காகவோ இருக்கும். இதைக் கூடுதல் நிறை விளைவு என்கிறார்கள்.

பாய்மத்தையும் இதழையும் மாறி மாறித் தீர்க்கும் முறையில் நடப்பது இது. பாய்ம சால்வர் ஒரு முறுக்குவிசை தருகிறது. இதழ் அதற்கேற்ப முடுக்கம் எடுக்கிறது. ரத்தம் அமுக்கமில்லாதது என்பதால் அந்த முடுக்கத்தை அந்தக் கணமே எதிர்த்து அழுத்தம் எழுகிறது. கூடுதல் நிலைமம் இதழின் நிலைமத்தைவிடப் பெரிதாக இருந்தால் எதிர்ப்பு அசல் விசையையே மிஞ்சிவிடும். அடுத்த சுற்றில் இதழ் எதிர்த்திசையில் இன்னும் வேகமாகப் பாயும். இந்தப் பெருக்கத்துக்கும் டைம் ஸ்டெப்பின் அளவுக்கும் தொடர்பில்லை. டைம் ஸ்டெப்பைச் சிறிதாக்கினால் அதே வெடிப்பு இன்னும் குறைந்த நேரத்தில் வரும், அவ்வளவுதான். காஸன், ஜெர்போ, நோபிலே மூவரும் 2005இல் இதைக் கணித முறையில் விளக்கினார்கள். அதற்கு முன்பே இந்தத் துறையில் இருந்தவர்கள் எல்லோரும் அடிபட்டுத் தெரிந்துகொண்ட விஷயம்தான்.

உங்கள் கேஸில் நடப்பது இதுதானா என்று லாக்கிலேயே பார்க்கலாம். ஒரே டைம் ஸ்டெப்புக்குள் ரெலாக்ஸேஷன் (புதிய விடையில் ஒரு பங்கை மட்டும் ஏற்பது) எதுவும் இல்லாமல் நாலு உள் இட்டரேஷன் (மறுகணக்குச் சுற்று) ஓடவிட்டு, கோண முடுக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். உதாரணமாக, ஏதோ ஓர் அலகில் 1.50, 0.15, 2.45, -1.46 என்று வருகிறது. அடுத்தடுத்த வித்தியாசங்கள் -1.35, 2.30, -3.91. ஒவ்வொன்றும் முந்தையதன் 1.7 மடங்கு, குறி மட்டும் மாறி மாறி வருகிறது. இந்த 1.7தான் கூடுதல் நிலைமத்துக்கும் இதழின் நிலைமத்துக்கும் உள்ள விகிதம். சால்வரே உங்களுக்கு அளந்து கொடுத்துவிட்டது.

அந்த விகிதம் 1க்கு மேல் இருந்தால் ரெலாக்ஸேஷன் இல்லாமல் ஓடாது. எவ்வளவு வேண்டும் என்பதும் அதிலிருந்தே கிடைக்கும். 1.7ஓடு 1 கூட்டினால் 2.7. இரண்டை அதனால் வகுத்தால் 0.74. ரெலாக்ஸேஷன் எண் இதைத் தாண்டினால் வெடிக்கும். ஒன்றை 2.7ஆல் வகுத்தால் 0.37. ஏறக்குறைய இதுதான் மிக வேகமாக ஒடுங்கும் மதிப்பு. விளக்கம் தெரியாமல் 0.1 என்று வைத்துவிட்டு ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் முப்பது இட்டரேஷன் ஓட்ட வேண்டியதில்லை. எய்ட்கென் முறை இந்தக் கணக்கை ஒவ்வொரு இட்டரேஷனிலும் தானே போட்டுக்கொள்ளும். இதழ் திறக்கத் திறக்க விகிதம் மாறுவதால் எய்ட்கெனே நல்லது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஓப்பன்ஃபோமில் இந்தச் சுற்றுகளுக்கு வெளி இட்டரேஷன் என்று பெயர். அந்த எண்ணிக்கையை 1 என்று விட்டுவிட்டு முடுக்க ரெலாக்ஸேஷனை மட்டும் 0.3 என்று வைத்தால் கேஸ் அமைதியாக ஓடும். ஆனால் அந்த ரெலாக்ஸேஷன் ஒரே ஸ்டெப்புக்குள் ஒடுங்கவில்லை, அடுத்த ஸ்டெப்புக்குத் தள்ளிப்போகிறது. இதழ் எப்போதும் ரத்தத்துக்கு ஒரு படி பின்னால்தான் நகரும். வெளி இட்டரேஷனைக் கூட்டுங்கள், ஒவ்வொன்றிலும் மெஷ் நகரும்படி அமையுங்கள், முறுக்குவிசை உண்மையாகவே நிலைக்கு வந்த பிறகு அடுத்த ஸ்டெப்புக்குப் போங்கள். இதழின் அடர்த்தியைப் பத்து மடங்காக்கி நடுக்கத்தை நிறுத்துவதையும் சிலர் செய்வார்கள். வேண்டாம். நடுக்கம் நிற்கும், ஆனால் திறக்கும் நேரமும் மூடும் வேகமும் வேறொரு வால்வினுடையதாக மாறிவிடும்.

பாய்ச்சல் தணியும்போது வெளிவாய்ப் பக்கம் வேகம் எகிறுகிறது

உச்சம் தாண்டியதும் பெருந்தமனியில் பெரிய சுழல்கள் வெளிவாயை அடையும். ஒரு பக்கம் ரத்தம் வெளியே போகும்போது இன்னொரு பக்கம் உள்ளே வரும். உள்ளே வரும் ரத்தம் எவ்வளவு வேகத்தில் வரலாம் என்று சால்வருக்குச் சொல்லாவிட்டால் அது தன்னிச்சையாக ஆற்றலை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

முதலில் வெளிவாயை வால்விலிருந்து எட்டுப் பத்து விட்டங்கள் தள்ளி வையுங்கள். பாதித் தொல்லை அதிலேயே தீரும். போதாவிட்டால் பின்பாய்ச்சல் நிலைநிறுத்தம் சேருங்கள். உள்நோக்கி வரும் பகுதியில் மட்டும் எதிர்விசை கொடுக்கும் நிபந்தனை அது. வெளிவாயில் வேகம் எப்போதும் செங்குத்தாக இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும் வேலை செய்யும், ஆனால் பக்கத்துப் பாய்ச்சலைக் கொஞ்சம் வளைக்கும். அளவெடுக்கும் இடம் தொலைவில் இருந்தால் பரவாயில்லை.

மூடும் நேரத்தில் எதிர்மறைக் கனஅளவு செல்

இதழ் மூடிய நிலையின் 30 டிகிரிக்கும் திறந்த நிலையின் 85 டிகிரிக்கும் இடையே, ஆக 55 டிகிரி சுழல்கிறது. ஒரே மெஷ்ஷை ரப்பர்போல் இழுத்து இவ்வளவு தூரம் கொண்டுபோக முடியாது. கீல் பக்கத்துச் செல்கள் முறுக்கிக்கொண்டு உள்வெளியாகத் திரும்பிவிடும். ஒழுங்குபடுத்தும் விசையை எவ்வளவு மாற்றினாலும் 20, 25 டிகிரி கூடுதலாகக் கிடைக்குமே தவிர முழுப் பயணம் கிடைக்காது. குறிப்பிட்ட கோணங்களில் மறுமெஷ் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஓவர்செட் மெஷ்ஷுக்கோ (இதழோடு நகரும் மெஷ், அசையாத பின்னணி மெஷ்ஷின் மேல் படிந்திருப்பது) மூழ்கிய எல்லை முறைக்கோ (மெஷ் அசையாமல், இதழ் அதற்குள் விசையாக நகர்வது) மாறுங்கள். மூழ்கிய எல்லை முறையை சார்லஸ் பெஸ்கின் 1972இல் வெளியிட்டதே இதய வால்வுகளைச் சுற்றிய பாய்ச்சலுக்காகத்தான் என்பது நம் துறைக்குப் பெருமையான விஷயம்.

ஓவர்செட்டில் வரும் தொல்லை வேறு மாதிரி. இதழ் விளிம்பு வளையத்தை நெருங்கும்போது ஆதரவில்லாச் செல்கள் இருக்கின்றன என்று எச்சரிக்கை வரும். இடைவெளிக்குள் இரண்டு மெஷ்ஷும் தகவல் பரிமாறிக்கொள்ள இடமில்லை என்று பொருள். இடைவெளியில் குறைந்தது நாலைந்து செல் அடுக்குகள் வேண்டும். மூழ்கிய எல்லை முறையில் இதழின் தடிமனுக்குள் இரண்டு செல்கூட இல்லாவிட்டால் ஒரு பக்கத்து அழுத்தம் மறுபக்கம் கசிந்துவிடும். படத்தில் இதழ் மூடித்தான் தெரியும், ரத்தம் இதழுக்குள்ளேயே ஊடுருவிப் போய்க்கொண்டிருக்கும்.

மூடிய கணத்தில் அழுத்தம் ஆயிரக்கணக்கில் பாய்கிறது

உள்வாயில் என்ன கொடுத்திருக்கிறீர்கள்? பாய்ச்சல் அளவையா? அப்படியானால் பிழை அங்கேதான். வால்வு மூடிவிட்டது, ரத்தம் அமுக்கமில்லாதது, சுவர் விறைப்பானது, நீங்களோ இன்னும் சில மி.லி. உள்ளே தள்ளச் சொல்கிறீர்கள், அல்லது வெளியே இழுக்கச் சொல்கிறீர்கள். சால்வர் அந்தக் கட்டளையை நிறைவேற்ற எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ அவ்வளவும் போடும். அளந்த பாய்ச்சல் வளைவும் உங்கள் இதழ் மூடும் நேரமும் 5 மில்லிவிநாடி விலகினாலே போதும்.

கீழறைப் பக்கம் அழுத்தத்தைக் கொடுங்கள். அது முடியாவிட்டால் உள்வாய்க்கு முன்னால் கொஞ்சம் விரிந்து சுருங்கும் ஓர் அறையை எளிய சமன்பாடாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நிஜ வால்வு மூடும்போதும் அழுத்த அதிர்வு உண்டு. இயந்திரவகை வால்வுகளில் அந்தக் கணத்தில் குமிழிகள் உருவாவதையும் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். அதனால் எல்லாப் பாய்ச்சலையும் வடிகட்டி மழுப்பிவிடாதீர்கள். டைம் ஸ்டெப்பைப் பாதியாக்கும்போது உச்சம் இரண்டு மடங்கானால் அது எண்பிழை. ஒரே உயரத்தில் நின்றால் இயற்பியலாக இருக்க வாய்ப்பு உண்டு.

மூடியபின் கசிவு நம்ப முடியாத அளவு

இந்த அறிகுறி வந்தால் கணினியை விட்டுவிட்டுத் தாளுக்கு வாருங்கள். தளரும் கட்டத்தில் மூடிய இதழின் மேல் 100 மி.மீ. பாதரசம் நிற்கிறது. அது துரத்தும் வேகம் விநாடிக்கு 5 மீட்டர். மெஷ் உடையாமல் இருக்க விளிம்பைச் சுற்றி 0.2 மி.மீ. இடைவெளி விட்டிருக்கிறீர்கள். 23 மி.மீ. வால்வின் சுற்றளவு சுமார் 72 மி.மீ. ஆக இடைவெளிப் பரப்பு 14 சதுர மி.மீ. சுருக்கக் கெழு 0.6 என்று வைத்தால் விநாடிக்கு 42 மி.லி. கசியும். அரை விநாடி மூடியிருந்தால் 21 மி.லி. ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளுவதே 70 மி.லி.தான். மெஷ்ஷுக்காக விட்ட 0.2 மி.மீ. ஒரு நல்ல வால்வை அளவுக்கு மீறிக் கசியும் வால்வாக மாற்றிவிட்டது.

இடைவெளியைப் பாதியாக்கினால் கசிவும் ஏறக்குறைய பாதியாகும், ஆனால் செலவு ஏறும். 0.2 மி.மீ. இடைவெளியில் ஆறு செல் என்றாலே, விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கூரான்ட் எண்ணை (ஒரு ஸ்டெப்பில் ரத்தம் கடக்கும் செல்களின் எண்ணிக்கை) 1இல் நிறுத்த டைம் ஸ்டெப் 6 மைக்ரோவிநாடி ஆக வேண்டும். ஒரு துடிப்புக்கு ஒன்றரை லட்சம் ஸ்டெப் நெருங்கிவிடும். இதற்கு நான் பின்பற்றும் வழி, இதழ் மூடியதும் இடைவெளிச் செல்களில் துளையுள்ள பொருளின் எதிர்ப்பைச் சேர்ப்பது. நிஜ வால்வின் அளந்த கசிவோடு ஒத்துப்போகும்வரை அந்த எதிர்ப்பைச் சரிசெய்கிறேன். இதைச் செய்தேன் என்று அறிக்கையில் எழுதியும் வைக்கிறேன்.

கசிவை முழுக்க அடைத்துவிடலாமே என்று தோன்றும். உங்கள் கேள்வி கீல் பற்றியது என்றால் அதைச் செய்யவே கூடாது. இந்த வால்வுகள் வேண்டுமென்றே கொஞ்சம் கசியும்படி வடிவமைக்கப்பட்டவை. அந்தக் கசிவுதான் கீலின் பள்ளத்தைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. 1990களில் மெட்ரானிக் பேரலல் என்ற இரட்டை இதழ் வால்வு ஆய்வகச் சோதனைகளைத் தாண்டி நோயாளிகளிடம் போன பிறகு, கீல் பகுதியில் ரத்தம் உறைந்ததால் கைவிடப்பட்டது. பெரிய பாய்ச்சல் எல்லாம் சரியாக இருந்தும், ஒரு மில்லிமீட்டர் அளவு பள்ளத்தில் ரத்தம் தேங்கியது மனிதர்களைப் பாதித்தது. வால்வு ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை திறந்து மூடுகிறது என்பதை நினைத்துக்கொண்டு அந்த மூலையில் செல்களை வையுங்கள். அங்கே மட்டும் ரத்தத்தின் பாகுநிலை நறுக்கு வீதத்தோடு (பக்கத்துப் பக்கத்து அடுக்குகளின் வேகம் எவ்வளவு மாறுகிறது என்பது) மாறுவதையும் சேருங்கள். இதற்கான கரோ மாதிரியில், நறுக்கு வீதம் மிகக் குறைவாக இருக்கும்போதான பாகுநிலை 0.056 பாஸ்கல் விநாடி. ஓப்பன்ஃபோமில் இதையும் 1055ஆல் வகுத்து 5.3×10⁻⁵ என்று கொடுக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு துடிப்பும் வேறுவேறாக வருகிறது

இரண்டு வெவ்வேறு விஷயங்கள் இதே முகத்தோடு வரும். சராசரி அழுத்தம் துடிப்புக்குத் துடிப்பு ஒரே திசையில் நகர்கிறது என்றால் வெளிவாயில் வைத்த விண்ட்கெஸல் (தமனிகளின் எதிர்ப்பையும் மீள்தன்மையையும் குறிக்கும் எளிய சுற்று) இன்னும் நிரம்பவில்லை. எதிர்ப்பு 1.1 (மி.மீ. பாதரசம் விநாடி / மி.லி.), இளக்கம் 1.3 (மி.லி. / மி.மீ. பாதரசம்) என்ற வழக்கமான மதிப்புகளுக்கு நேர மாறிலி ஒன்றரை விநாடி அளவு. ஒரு சதவீதத்துக்குள் அடங்க எட்டுத் துடிப்பு வேண்டும். முப்பரிமாணத்தில் எட்டுத் துடிப்பைக் காத்திருக்காதீர்கள். அந்த எளிய சுற்றை மட்டும் ஒரு விரிதாளில் ஓட்டி, நிலைத்த அழுத்தத்தைத் தொடக்க மதிப்பாகக் கொடுங்கள்.

சராசரி நிலையாக இருக்கிறது, ஆனால் உச்சத்துக்குப் பிறகு சுழல்கள் ஒவ்வொரு துடிப்பிலும் வேறு இடத்தில் இருக்கின்றன என்றால் அது பிழையல்ல. பாய்ச்சல் முடுக்கும்போது ஒழுங்காகவும் தணியும்போது குழப்பமாகவும் இருப்பது இந்த வால்வுகளின் இயல்பு. பல துடிப்புகளைச் சேர்த்துச் சராசரி எடுங்கள். மாறாக, எல்லாத் துடிப்பும் அச்சு எடுத்ததுபோல் ஒன்றாக இருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன். கே-எப்சிலான் என்ற கொந்தளிப்பு மாதிரி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். முடுக்கும் கட்டத்திலேயே அது கொந்தளிப்பு இருப்பதாக எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் மழுப்பிவிடும். மாதிரியைச் சோதிக்க, அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ வெளியிட்ட நாசில் (குறுகும் குழாய்) அளவுகோல் கேஸை முதலில் ஓட்டுங்கள். ரெனால்ட்ஸ் எண் 500இலிருந்து 6500 வரை ஐந்து பாய்ச்சல்களுக்கு அளந்த தரவு இருக்கிறது. அதில் தேறாத அமைப்பை வால்வில் நம்ப வேண்டாம்.

அழுத்த இழப்பு எக்கோ அறிக்கையோடு பொருந்தவில்லை

எக்கோவில், அதாவது இதய அல்ட்ராசவுண்டில், வேகத்தின் வர்க்கத்தை 4ஆல் பெருக்கி அழுத்த இழப்பைச் சொல்வார்கள். இரட்டை இதழ் வால்வில் நடு இடுக்கு வழியாக ஒரு குறுகிய, வேகமான தாரை ஓடும். அங்கே விநாடிக்கு 2.5 மீட்டர் என்றால் எக்கோ 25 மி.மீ. பாதரசம் என்று சொல்லும். ஆனால் தாரை வேகம் குறையும்போது அழுத்தத்தின் ஒரு பகுதி கீழ்நீரோட்டத்தில் திரும்பக் கிடைத்துவிடும். உங்கள் சிமுலேஷனில் வால்வுக்கு நாலைந்து விட்டம் தள்ளி அளந்தால் அதைவிடக் குறைவாகத்தான் வரும். இரண்டும் சரி, அளந்த இடம் வேறு. நடு இடுக்கில் உள்ள வேகத்தை எடுத்து 4 வர்க்கக் கணக்கையே போட்டுப் பாருங்கள். அது எக்கோவோடு ஒத்துப்போனால் உங்கள் கேஸ் ஆரோக்கியமாக இருக்கிறது.

வால்வின் திறப்புப் பரப்பைக் கோர்லின் சூத்திரத்தின் வழியில் கணக்கிடும்போது 51.6 என்ற மாறிலி வரும். பாய்ச்சல் விநாடிக்கு மி.லி., அழுத்தம் மி.மீ. பாதரசம், அடர்த்தி கன செ.மீ.க்குக் கிராம் என்று கொடுத்தால்தான் அது பொருந்தும். பாய்ச்சலின் சாதாரணச் சராசரியை அல்ல, வர்க்கச் சராசரி மூலத்தைப் போட வேண்டும்.

திசு வால்வின் இதழ் மடங்குகிறது, படபடக்கிறது, அல்லது விறைத்து நிற்கிறது

விறைத்து நின்றால் எலிமென்டை, அதாவது கணக்குக்காக இதழைப் பிரித்த சிறு துண்டை, சந்தேகியுங்கள். 0.3 மி.மீ. தடிமனுள்ள இதழை ஒரே அடுக்கு நேரியல் திண்ம எலிமென்டால் செய்தால் வளைவில் பூட்டிக்கொள்ளும். மெல்லிய ஓடுகளுக்கான ஷெல் எலிமென்டுக்கு மாறுங்கள். தடிமனையும் சரிபாருங்கள். வளைவு விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கில் போவதால், 0.3ஐ 0.4 என்று எடுத்தாலே 2.4 மடங்காகிவிடும். ஒரு முனை கட்டிய சிறு பட்டையை வளைத்து, பாடப்புத்தகச் சூத்திரத்தோடு ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

படபடப்பு வந்தால் இதழின் சுதந்திர விளிம்பில் ஒரு புள்ளியின் இடப்பெயர்ச்சியை எடுத்து அலைவெண் பாருங்கள். டைம் ஸ்டெப்பைப் பாதியாக்கும்போது அலைவெண்ணும் கூடவே ஏறினால் எண்பிழை. அசையாமல் நின்றால் இதழ் நிஜமாகவே படபடக்கிறது, அதை அடக்கக் கூடாது, ஏனென்றால் இதழின் சோர்வுக் கணக்குக்கு அது தேவைப்படும். மேலே சொன்ன கூடுதல் நிறை விகிதம் மெல்லிய திசு இதழுக்கு இன்னும் பெரிது. அதனால் எய்ட்கென் பல சமயம் தாக்குப்பிடிக்காது. ப்ரீசைஸ் போன்ற கப்ளிங் நூலகத்தில் உள்ள குவாஸி-நியூட்டன் முறைகளை (முந்தைய சுற்றுகளிலிருந்து அடுத்த திருத்தத்தைக் கணிப்பவை) எடுங்கள்.

ரத்தச் சிதைவு எண் எங்கோ போகிறது

சிவப்பணுக்கள் எவ்வளவு சிதையும் என்று கணிக்கும் கியர்ஸீபென் குழுவின் 1990ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் தகைவு 2.416ஆம் அடுக்கில் இருக்கிறது. தகைவு இரண்டு மடங்கானால் சிதைவு ஐந்து மடங்குக்கு மேல் ஏறும். ஆகவே இதழின் கூரான விளிம்பில் இருக்கும் ஒரே ஒரு மோசமான செல் மொத்த விடையையும் ஆட்டிவைக்கும். தகைவின் பரவலை வரைந்து, உச்சத்தில் இருக்கும் நூற்றில் ஒரு பங்குச் செல்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். எல்லாம் ஒரே விளிம்பில் கொத்தாக இருந்தால் அங்கே மெஷ்ஷை இருமடங்கு நுணுக்கமாக்கி மறுபடி ஓட்டுங்கள். கொந்தளிப்புக் கணக்கில் வரும் ரெனால்ட்ஸ் தகைவை அணுக்கள் உணரும் தகைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது சராசரி எடுத்ததால் வந்த ஒரு கணக்கு. இந்தச் சூத்திரமே பொதுவாக அதிகமாகச் சொல்லும் என்பதால், வெறும் எண்ணை அறிவிக்காமல், அதே மெஷ் அமைப்பில் ஓட்டிய இன்னொரு வால்வோடு ஒப்பிட்டுத்தான் நான் சொல்வேன்.

எல்லாம் சரி, ஆனால் ஆய்வக அளவீட்டோடு ஒத்துப்போகவில்லை

ஆய்வகத்தில் ஓடியது ரத்தமா என்று கேளுங்கள். பெரும்பாலும் தண்ணீரும் கிளிசரினும் கலந்த திரவம்தான் ஓடியிருக்கும். லேசர் ஒளி வளையாமல் இருக்க உப்பும் சேர்த்திருப்பார்கள், அப்போது அடர்த்தி ரத்தத்தைவிடக் கூடும். அந்தத் திரவத்தின் அடர்த்தி, பாகுநிலை, அன்றைய வெப்பநிலை மூன்றையும் வாங்கி உங்கள் கேஸில் போடுங்கள். அழுத்தத் துளைகள் வால்விலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருந்தன, குழாய் நேரா, மூன்று புடைப்புள்ள பெருந்தமனி வேரா, இதழ்கள் அந்தப் புடைப்புகளுக்கு எந்தக் கோணத்தில் வைக்கப்பட்டன என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு இதழ்களையும் மூன்று புடைப்புகளையும் முழுச் சமச்சீராகப் பொருத்தவே முடியாது. ஆகவே வால்வை 30 டிகிரி திருப்பி வைத்தாலே இரண்டு இதழ்களும் மூடும் வரிசை மாறலாம்.